புவியியல் மேற்படிப்புக்கு யார் காசு தருவார்கள்? முன்பணம் கட்ட இன்னும் 19 நாள்

11 செப்டம்பர் 2024

பினாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே:

"அக்கா, ஜூலையில் புவியியல் இளங்கலை முடித்தேன். சி.ஜி.பி.ஏ. 4க்கு 3.41. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் ஜி.ஐ.எஸ். (கணினி வரைபடத் துறை) முதுகலைக்கு இடம் கொடுத்திருக்கிறது, ஜனவரி சேர்க்கை. செப்டம்பர் 30க்குள் 4,000 பவுண்ட் முன்பணம் கட்ட வேண்டும். அப்பா பிறை நகரில் லோரி ஓட்டுகிறார். சேமநிதியில் இருப்பதை எடுத்துத் தருகிறேன் என்கிறார். மருத்துவம், பொறியியல் என்றால் உபகாரச் சம்பளம் கிடைக்கும். புவியியலுக்கு எவனும் தரமாட்டான். சொந்தக் காசுதான் ஒரே வழி. கட்டிவிடலாமா?"

11 செப்டம்பர், இரவு

கட்டாதே.

காரணத்தை நாளை எழுதுகிறேன். இன்றிரவு யாரும் வங்கிக்குப் போகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் இதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

12 செப்டம்பர்

நானும் கட்டினேன், 2011இல். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் கல்விக் கண்காட்சி. மேசைக்கு அந்தப் பக்கம் டை கட்டிய ஒருவர். இந்தப் பக்கம் நானும் அப்பாவும். அப்பா மடியில் என் சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். கால்மணி நேரத்தில் "உங்களுக்கு இடம் உண்டு" என்றார். அப்பா எழுந்து நின்று கைகுலுக்கினார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அன்று திரும்பும்போது ஃபெர்ரியில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம்கூட "மகள் லண்டன் போறா" என்றார். லண்டன் இல்லை, அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். நான் திருத்தவில்லை.

1,500 பவுண்ட் கட்டினோம். அன்றைய கணக்கில் 7,000 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல். மீதிக்கு உபகாரச் சம்பளம் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். பிறகு பார்த்தால் ஒன்றுமில்லை. நான் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. முன்பணம் திருப்பித் தரப்படாது என்று தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் கட்டினேன்.

அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. கடையில் சாமான் விற்றார்கள், நான் வாங்கினேன். ஆஃபர் லெட்டர் என்றால் நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அப்பாவும் நானும் நினைத்துக்கொண்டோம். பணம் சேர்ந்து வராத ஆஃபர் லெட்டர் வெறும் பில்.

சரி, உன் கணக்கைப் பார்ப்போம். 4,000 முன்பணம் வெறும் வாசல்தான். மீதிக் கட்டணம் இருக்கிறது. 2024 கணக்கில் விசாவுக்கு 490 பவுண்ட், மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்ட். லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,023 பவுண்ட் வீதம் ஒன்பது மாதச் செலவு, அதாவது 9,207 பவுண்ட், 28 நாள் தொடர்ந்து வங்கியில் கிடந்திருக்க வேண்டும். அப்பாவின் சேமநிதி இதில் எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார். கைப்பேசியில் போடாதே, தாளில்.

12 செப்டம்பர், மாலை

இன்னொன்று விட்டுப்போயிற்று. "புவியியலுக்கு எவனும் தரமாட்டான்" என்றாய். பாதி உண்மை. வாசலில் புவியியல் என்று பெயர் எழுதி வைத்த உபகாரச் சம்பளத்தைத் தேடினால் கிடைக்காது. நம் துறைக்கான பணம் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும்: வெள்ளம், நிலச்சரிவு, கடலோர அரிப்பு, நகர வெப்பம், செயற்கைக்கோள் படம், வீட்டு வாடகை. எந்தப் பேராசிரியரிடம் எந்தத் திட்டத்துக்குப் பணம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உபகாரச் சம்பளப் பட்டியலை மாதக்கணக்கில் புரட்டுவது 4டி லாட்டரி நம்பர் பார்ப்பது மாதிரி.

இன்னொரு பிரிவும் உண்டு. பாடம் கேட்டுத் தேர்வெழுதும் முதுகலையைப் பல்கலைக்கழகங்கள் விற்கின்றன. ஆய்வு முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அவர்களுக்கு ஆள் வேண்டும். வேலைக்கு ஆள் தேடுகிறவன் கையில்தான் காசு இருக்கும்.

14 செப்டம்பர்

நாடு நாடாகச் சொல்லுங்கள் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். எல்லா ஊருக்கும் ஒரே அளவு எழுத முடியாது.

இங்கிலாந்து: சீவ்னிங் எனும் அந்நாட்டு அரசின் உபகாரச் சம்பளம், ஒரு வருட முதுகலைக்கு முழுச் செலவு. ஆனால் பட்டம் வாங்கியபின் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். தம்பிக்கு இப்போது ஆகாது. முனைவர் படிப்புக்கு அந்நாட்டு ஆய்வு மன்றப் பணத்தில் 2021 முதல் வெளிநாட்டவருக்கும் இடமுண்டு, மொத்தத்தில் 30 விழுக்காடு வரை. போட்டி கொலைகாரத்தனம்.

ஐரோப்பா: ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் கூட்டு முதுகலை. பெரும்பாலும் இரண்டு வருடம், குறைந்தது இரண்டு நாடுகள், உபகாரச் சம்பளத்தோடு கிடைத்தால் கட்டணம் இல்லை, கைக்கு மாதம் 1,400 யூரோ. நம் துறைக்கு நேராகப் பொருந்துவது செயற்கைக்கோள் தரவு சார்ந்தது ஒன்று, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தொடங்கும். நகர ஆய்வுக்கு பிரஸ்ஸல்ஸ், வியன்னா, கோபன்ஹேகன், மாட்ரிட் என்று நாலு ஊர் சுற்றும் படிப்பு ஒன்று. பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே பாதிப் படிப்பு என்று போய்வந்த ஒரு தங்கை சொன்னாள்.

ஜெர்மனி: அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவை, மாதாமாதம் கொஞ்சமாகவே எடுக்க முடிகிற முடக்கு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், இந்த மாதத்திலிருந்து 11,904 யூரோ. இலவசம் என்று கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இந்த எண்ணில் முட்டிக்கொண்டு திரும்புவார்கள்.

ஜப்பான்: மெக்ஸ்ட் எனும் அந்நாட்டு அரசின் உபகாரச் சம்பளம். 35 வயதுக்குள். கோலாலம்பூர் தூதரகம் வழியாக, வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில். முதலில் ஆய்வு மாணவராகப் போய் அப்புறம் முதுகலைக்கு நுழைவுத் தேர்வு.

சிங்கப்பூர்: நம்மவர்கள் ஏனோ அக்கரையை அண்ணாந்து பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். என்.யூ.எஸ். எனும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை 1928இல் ராஃபிள்ஸ் கல்லூரிக் காலத்திலிருந்தே இருக்கிறது. அங்கே ஆய்வு உபகாரச் சம்பளம் கட்டணத்தையும் மாதப் படியையும் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்கா பற்றித் தனியாக எழுத வேண்டும். நான் போன வழி அது.

15 செப்டம்பர்

"அக்கா, புவியியல் படித்தால் கடைசியில் என்ன வேலை?" இதே கேள்வியை என் தாய்மாமா 2007இல் வேறு விதமாகக் கேட்டார்: "டிவியில மழை வருமான்னு சொல்லப் போறியா?" இப்போது அவர் வீட்டு மேட்டில் மண் சரியுமா என்று என்னிடம்தான் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்புகிறார்.

18 செப்டம்பர்

அமெரிக்கா. அங்கே முனைவர் படிப்புக்கு நல்ல துறைகள் தங்களுக்கு வேண்டிய ஆளைக் காசு கொடுத்துத்தான் எடுக்கும். கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலை. வாரம் 20 மணி நேரம். பதிலுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதப் படி, பெரும்பாலும் மருத்துவக் காப்புறுதி. நான் 2018இல் போனேன், நடுமேற்கில் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு ஊர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மேகங்களின் பெயரும், உருண்டையைத் தட்டையாக்கினால் ஏன் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு வீங்குகிறது என்பதும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தேன். பனியில் முதல் மாதம் கை விரல் வெடித்து, சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை.

எங்கே போடலாம் என்றால்: கிளார்க் (1921இலிருந்து தனிப் புவியியல் பட்டப் பள்ளி), விஸ்கான்சின், மினசோட்டா, பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், சாந்தா பார்பரா. ஹார்வர்டில் தேடாதீர்கள், 1948இலேயே துறையை மூடிவிட்டார்கள். பெயரைப் பார்த்து ஊர் தேடினால் இப்படித்தான் ஆகும்.

விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில் முடியும். ஒவ்வொன்றுக்கும் 75, 100 டாலர் என்று பிடுங்குவார்கள். தள்ளுபடி கேட்டு மெயில் போடலாம், வெட்கப்பட வேண்டாம். ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வைப் பல துறைகள் விட்டுவிட்டன.

22 செப்டம்பர்

ஒரு திருத்தம், எனக்கு நானே போட்டுக்கொள்ளும் குட்டு. செந்தூலில் இடைநிலைப்பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் இளைஞர்களை மட்டும் பார்த்து எழுதுகிறீர்கள். எனக்கு 36 வயது. ஹடியா லத்தேஹான் பெர்செகுத்துவான் என்று ஒன்று இருப்பதே உங்களுக்கு ஞாபகமில்லையா?"

இல்லைதான், டீச்சர். அரசு ஊழியர்களுக்கான அந்தப் படிப்பு உதவியை, எச்.எல்.பி.யை, நான் சுத்தமாக மறந்துவிட்டேன். ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் படிப்பு விடுப்பு, முடித்ததும் குறிப்பிட்ட காலம் சேவை செய்யும் ஒப்பந்தம். சம்பளம் வரும்போது படிப்பது எப்படிப்பட்ட சொகுசு என்று நூடல்ஸ் தின்று முடித்த எனக்குத் தெரியும்.

சொந்தக் காசில் படிக்காதே என்று நான் அடித்துச் சொன்னதையும் டீச்சர் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் உள்ளூரில் பகுதி நேரமாக முதுகலை செய்தார், பருவத்துக்குப் பருவம் சம்பளத்திலிருந்து கட்டினார், வருமான வரியில் 7,000 வெள்ளி வரை கழித்துக்கொண்டார். முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் எந்தத் துறையானாலும் அந்தக் கழிவு உண்டு. சரி, ஒத்துக்கொள்கிறேன். அவரவர் சம்பளத்தில் அவரவர் படிப்பது வேறு விஷயம். நான் பயந்தது அப்பாவின் பணத்தைப் பார்த்து.

24 செப்டம்பர்

சேமநிதி. கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, சுருக்கமாக: மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓய்வுக் கணக்கு 75, செஜாத்ரா (நலக் கணக்கு) 15, ஃப்ளெக்சிபெல் (எப்போதும் எடுக்கக்கூடியது) 10 விழுக்காடு. பிள்ளை படிப்புக்கு எடுப்பது செஜாத்ராவிலிருந்து. சட்டப்படி எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுப்பதா?

பி.டி.பி.டி.என். எனும் அரசுக் கல்விக் கடன் வைத்திருப்பவர்கள்: முதல் வகுப்பு என்றால் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். மற்றவர்கள் மேற்படிப்புக்காக ஒத்திவைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். சும்மா இருந்தால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

பூமிபுத்ராக்களுக்கான மாரா நமக்கில்லை. மா.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.யில் கடன் கேட்டுப் பார்க்கலாம். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டில் யாராவது உறுப்பினரா என்று பாட்டியிடம் கேளுங்கள், உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் 1960இல் மா.இ.கா. தலைவராக இருந்த சம்பந்தன் தொடங்கியது. மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கிய தாத்தாக்களின் சான்றிதழ் இன்னும் பல வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் கிடந்தது, கரையான் அரித்து.

துண்டாடல் பற்றி யாராவது நல்ல வரைபட ஆய்வு செய்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். சரி, திசை மாறுகிறது.

1 அக்டோபர்

தம்பி எழுதினான்: "கட்டவில்லை அக்கா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது டிவி பார்த்துக்கொண்டே இருந்தார்."

தெரியும். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். அவருக்குக் கொடுக்க ஆசை, நாம் வாங்கவில்லை. அது அவருக்கு ஒரு மாதிரி இருக்கும். சில நாள் போகட்டும்.

6 அக்டோபர்

இப்போது வேலை. பேராசிரியருக்கு மெயில் எழுதுவது.

முதலில் என் கேவலம். 2011இல் 40 பேருக்கு ஒரே மெயில் அனுப்பினேன். "வணக்கத்துக்குரிய ஐயா, மிகத் தாழ்மையுடன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கும். சுங்கை பினாங்கு வெள்ளத்தை ஆராய வேண்டும் என்று ஆல்ப்ஸ் மலைப் பனியாறு ஆராய்கிறவருக்கு எழுதினேன். ஒரு பெண் பேராசிரியரை ஐயா என்று கூப்பிட்டேன். 40க்கு வந்த பதில் இரண்டு. ஒன்று, விடுப்பில் இருப்பதாக இயந்திரம் அனுப்பியது.

2017இல் ஆறு பேருக்குத்தான் எழுதினேன். ஒவ்வொருவரின் கட்டுரையும் குறைந்தது இரண்டு படித்தேன். மெயில் ஏழெட்டு வரி: நான் யார், எந்த ஆற்றில் என்ன அளந்தேன், உங்கள் கட்டுரையில் இந்த இடத்தில் எனக்கு வந்த சந்தேகம் இது, அடுத்த ஆண்டு ஆள் எடுக்கிறீர்களா, பணம் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை நேராகக் கேட்கலாமா என்று ரொம்ப யோசித்தேன். நம் ஊரில் அது முகத்திலடித்த மாதிரி. அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் "பணம் இல்லை, வராதே" என்றார். அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

7 அக்டோபர்

"எங்கள் விரிவுரையாளர்களுக்கும் இப்படியா எழுதுவது?" இல்லை தம்பி. பினாங்கில் இருப்பவருக்கு நேரில் போ. கதவைத் தட்டு. உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். மாதிரி ஆய்வு மானியம் கிடைத்தவர் யார் என்று துறை அலுவலகத்து அக்காவிடம் கேட்டாலே தெரிந்துவிடும். மானியம் கிடைத்தவருக்கு ஜி.ஆர்.ஏ. எனும் ஆய்வு உதவியாளர் தேவைப்படும். 2014இல் நான் முதுகலை சேர்ந்தது அப்படித்தான். கட்டணத்தை அப்போதிருந்த மைபிரெய்ன்15 எனும் அரசுத் திட்டம் கட்டியது, கைச்செலவு திட்டத்திலிருந்து வந்தது. வேலை: வாரம் மூன்று நாள் ஆற்றோரம் அளவுகோல் பார்த்து நீர்மட்டம் குறிப்பது, நாய் துரத்தினால் ஓடுவது.

19 அக்டோபர்

சி.ஜி.பி.ஏ. பெரிதில்லை என்று தனிச்செய்தியில் சிலருக்குச் சொன்னேன். அதை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளூர் ஆய்வு முதுகலைக்கு நாட்டின் கல்வித் தர அமைப்பான எம்.கியூ.ஏ.வின் விதிப்படி 2.75 பொதுவான வாசல். அதற்குக் கீழே என்றால் துறை கூடுதலாகச் சோதிக்கும். உபகாரச் சம்பளக் குழுக்களும் எண்ணைப் பார்த்துத்தான் முதல் சல்லடை போடும். 3.41 நல்ல எண். அதன் மேல் ஏறி நிற்க வேறு ஏதாவது கையில் வேண்டும்.

அந்த வேறு ஏதாவதுக்குக் காசு தேவையில்லை. வரைபட மென்பொருள் க்யூஜிஐஎஸ் இலவசம். லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972இலிருந்து இருக்கின்றன, சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியம், எல்லாம் இலவசம். நம் ஊரில் ஒரே தொல்லை, படத்தைத் திறந்தால் முக்கால்வாசி மேகம். மேகத்தை ஊடுருவும் ரேடார் வேண்டுமென்றால் சென்டினல்-1. பாயான் லெப்பாஸ் கரை பத்து வருடத்தில் எப்படி மாறியது என்று நீயே ஒரு வரைபடம் செய். பேராசிரியர் மெயிலோடு அதை இணை. சான்றிதழைவிட அது பேசும்.

5 நவம்பர்

இன்றோடு ஏழு வருடம்.

2017 நவம்பர் 4 அன்று பினாங்கில் தொடங்கிய மழை. நான் கோலாலம்பூரில். அம்மா ஜாலான் பி. ரம்லி பக்கம் தரைவீட்டில். விடிகாலை மூன்றரைக்கு அம்மா போன்: "தண்ணி அரிசி டின் வரைக்கும் வந்துடுச்சு. உங்கப்பா படத்தை மேல ஏத்திட்டேன்." அப்பா அதற்கு முந்தைய வருடம்தான் போயிருந்தார். அப்புறம் லைன் கட்.

சாலை திறந்ததும் வந்தேன். சுவரில் கோடு, என் இடுப்புக்குச் சற்று மேலே, தேநீர்க் கறை நிறத்தில், வீடு முழுக்க ஒரே மட்டத்தில் ரூல் போட்ட மாதிரி. அளந்தேன். துக்கத்தில் இருக்கும் வீட்டில் மகள் டேப் எடுத்து அளக்கிறாள் என்று அம்மாவுக்குக் கோபம். பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று பதினொரு வீடு அளந்தேன். முதுகலையில் அதே ஆற்றில் நான் குறித்து வைத்த எண்களோடு ஒப்பிட்டேன்.

அந்த டிசம்பரில் அமெரிக்க விண்ணப்பத்தோடு அனுப்பிய நோக்க அறிக்கை அந்தச் சுவர்க் கோட்டில்தான் தொடங்கியது. 2011இல் எழுதியது "சிறுவயது முதலே எனக்கு அட்லஸ் பிடிக்கும்" என்று தொடங்கியது. அட்லஸ் யாருக்குத்தான் பிடிக்காது.

வெள்ளம் வந்தவர்கள்தான் நல்ல அறிக்கை எழுத முடியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோகம் எழுதினால் இடம் கிடைக்கும் என்று நினைத்து எழுதிய அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன், இரண்டாம் பத்தியில் சாயம் போய்விடும். என்ன கேள்வி, அதை எப்படி அளப்பாய், எந்தத் தரவு கையில் உண்டு. என் அறிக்கையில் அம்மா ஒரே ஒரு வாக்கியம். மீதி எல்லாம் பதினொரு வீடும் ஆறும்.

2 டிசம்பர்

பரிந்துரைக் கடிதம். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஒரு விரிவுரையாளர் சொன்னாராம், தம்பிக்குத் தர்மசங்கடம். எனக்கும் ஒருவர் சொன்னார். நான் அடக்கமாக எழுதிக் கொடுத்தேன், அவரும் அப்படியே அனுப்பினார். கடமை தவறாதவள், நேரத்துக்கு வருவாள். வீட்டு வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி இருந்தது.

அப்படிச் சொல்பவரிடம் கடிதத்தைக் கொடுக்காமல் ஒரு பக்கத் தகவலைக் கொடு: எந்தப் பாடம், எந்தக் களப்பணி, நீ செய்த எது அவருக்கு ஞாபகமிருக்கும், கடைசித் தேதி என்ன. முடிந்தால் உன்னோடு சேற்றில் இறங்கியவரைக் கேள். டத்தோ பட்டம் இருக்கிறது என்பதற்காக உன்னைத் தெரியாதவரைக் கேட்காதே.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். ரொம்ப முந்தி எழுதி வைக்காதீர்கள்.

6 ஜனவரி 2025

செப்டம்பரில் எழுதிய கணக்கைத் திருத்துகிறேன். இங்கிலாந்து விசாவுக்குக் காட்ட வேண்டிய செலவுப் பணம் ஜனவரி 2 முதல் ஏறிவிட்டது. லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்ட், ஒன்பது மாதத்துக்கு 10,224. லண்டனில் மாதம் 1,483.

கிள்ளானிலிருந்து ஒரு அண்ணன் இன்னொன்றும் சுட்டிக்காட்டினார்: மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களிடம் வங்கிச் சான்றைப் பொதுவாகக் கேட்பதில்லை. உண்மைதான். ஆனால் கேட்டால் காட்ட வேண்டும். அதனால் பணம் இல்லாமல் துணிய முடியாது. கேட்கமாட்டார்கள் என்று நம்பிப் போய்க் கேட்டுவிட்டால் என்ன செய்வதாம்?

தம்பி அமெரிக்காவில் இரண்டு இடம், சிங்கப்பூர் ஒன்று, உள்ளூர் ஒன்று போட்டிருக்கிறான். நாலு போதும்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலை அடிவாரத்தில் தம்பி நண்பர்களோடு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்ததாம். சிங்கப்பூர் இல்லை என்றுவிட்டது. "அடுத்த டம்ளரைத் தரையில் ஊற்றிவிட்டேன் அக்கா."

பரவாயில்லை. வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லமாட்டேன், வருத்தப்படு. ஒரு வாரம் கழித்து அந்த மெயிலை மறுபடி படி.

3 மார்ச்

பினாங்கில் கிடைத்துவிட்டது! மலைச்சரிவுகளில் மழை எப்படி இறங்குகிறது என்று பார்க்கும் திட்டம், ஜி.ஆர்.ஏ. இடம், ஜூனில் தொடக்கம். போன அக்டோபரில் கதவைத் தட்டியபோது "மானியம் இன்னும் வரவில்லை" என்று அனுப்பியவர்தான். மானியம் வந்ததும் அவரே கூப்பிட்டிருக்கிறார். பாயான் லெப்பாஸ் கரை வரைபடத்தை ஞாபகம் வைத்திருந்தாராம்.

பெரிய தொகை இல்லை. வாடகை அறை, சாப்பாடு, மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், அவ்வளவுதான் வரும். ஆனால் அப்பாவின் காசு ஒரு சென் இல்லை.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். அமெரிக்கப் பதில்கள் வந்துவிட்டன. ஒன்று இல்லை. இன்னொன்று இடம் உண்டு, பணம் இல்லை. "போகலாமா அக்கா? முதல் வருடம் சமாளித்தால் இரண்டாம் வருடம் உதவியாளர் வேலை கிடைக்கலாம் என்கிறார்கள்."

கிடைக்கலாம். அந்தக் "கலாம்" எழுத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் இது செப்டம்பரில் வந்த அதே பில்தான், டாலரில்.

இருந்தாலும் எனக்கும் ஒரு நிமிடம் கை நடுங்கியது, போ என்று சொல்லிவிடலாமா என்று. நல்ல துறை. நான் இருந்த இடத்திலிருந்து நாலு மணி நேரம். அந்த ஊர் இலையுதிர் காலம் ஞாபகம் வந்துவிட்டது. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அவனே முடிவு செய்யட்டும். ஒன்று மட்டும்: அமெரிக்காவில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15 வரை முடிவு சொல்லாமல் இருக்கலாம். அதனால் வேண்டாம் என்பவர்கள் இன்றே வேண்டாம் என்று சொன்னால் காத்திருப்புப் பட்டியலில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு மெயில் போகும். 2018இல் அந்த ஒருத்தி நான்.

16 ஏப்ரல்

வேண்டாம் என்று எழுதிவிட்டானாம். இரண்டு வரி மெயிலுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டானாம். முதுகலை முடித்து முனைவர் படிப்புக்கு அங்கேயே போடுவேன் என்கிறான். போடட்டும், கையில் மழை எண்களோடு.

செந்தூல் டீச்சரும் எச்.எல்.பி. விண்ணப்பத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதத் தொடங்கிவிட்டார். படித்துப் பார்த்தேன். என் முதல் திட்டத்தைவிட எவ்வளவோ மேல், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

27 ஏப்ரல்

தம்பியின் புதுக் கேள்வி: "மலைக்கு என்ன ஷூ வாங்குவது அக்கா? ஆன்லைனில் 480 வெள்ளி போட்டிருக்கிறான்."

ஒன்றும் வேண்டாம். சந்தைப் பக்கம் எந்த இரும்புச் சாமான் கடையிலும் அடிடாஸ் கம்போங் கேள், கறுப்பு ரப்பர், அடியில் முள்ளு. தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன உன் பாட்டி போட்டிருந்திருப்பார். ஈரச் சரிவில் அதைப் போல எதுவும் பிடிக்காது, காய்வதும் சீக்கிரம். ஒரு அளவு பெரிதாக எடு, தடித்த காலுறை போட வேண்டியிருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள், அட்டை ஏறும். அப்பாவிடம் கேட்டால் லோரியில் எங்காவது ஒரு பழைய ஜோடி இருக்கும், அளவு சரியா பார்.